தன்னைத் தானே ரிஜெக்ட் செய்த ஏகநாதன்

இப்போது சொல்லப்போவது ஒரு சொட்டுப் பொய்கூடக் கலக்காத கதை. அருவங்காடு ரயில்வே கேட் பக்கத்தில் முத்துவேல் டீக்கடையில் கொதிக்கிறதே பால், அதன் மேல் சத்தியம். அந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பீர்களானால், கதையிலும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பொ பாதிக்குப் பாதி," என்றார், கேட் மூடியதால் ஆட்டோவை அங்கே நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்த சில்வஸ்டர்.

"ஏனுங்க, கதை சொல்றவரக் கலாய்க்கறதுன்னா கலாய்ங்க. என்ற பால எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் முத்துவேல்.

சரி, ஒப்புக்கொள்ள வேண்டியதை இப்போதே ஒப்புக்கொண்டு விடலாம். ஆள் உண்மை, ஊசி உண்மை, கல்யாணமும் உண்மை. அங்கங்கே கொஞ்சம் இழுத்து நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளது உள்ளபடி சொன்னால், இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று நீங்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

ஏகநாதன் அவிநாசிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் மலையேறி வந்தவர். வெடிமருந்து ஃபேக்டரியில் எக்ஸாமினர். அதாவது, அடுத்தவர்கள் செய்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற வேலை. ஒரு லாட்டில் ஆயிரம் உருப்படி வந்தால் ஆயிரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நாலை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். நாலும் சரியாக இருந்தால் ஆயிரமும் பாஸ். ஒன்று கோணலாக இருந்தாலும் லாட்டுக்கே சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டு கட்டியதை மற்றதோடு சேர்க்கக் கூடாது, தனி அறையில் போட்டுப் பூட்ட வேண்டும். வெடிமருந்து விளையாட்டுச் சாமான் இல்லை, அங்கே அந்த வழக்கம் வேண்டியதுதான். கோளாறு என்னவென்றால், சைரன் ஊதி ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் இந்த மனுஷன் எக்ஸாமினர் வேலையைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டவில்லை.

மனைவி சுலோச்சனா பன்னிரண்டு இட்லி வேகவைத்தால் அதில் நாலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஒன்றில் அமுங்கிய இடம் எழும்பி வரவில்லை என்றால் பன்னிரண்டும் திரும்ப அடுக்களைக்குப் போகும். "லாட் சரியில்ல" என்பார். முப்பது வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டும் அந்த அம்மாள் கரண்டியைக் கரண்டியாகவே வைத்திருந்தது அவளுடைய பெருந்தன்மை. ஒரே மகள் வர்ஷாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பதினாலு பேருக்குச் சிவப்புச் சீட்டு. ஒருவன் டம்ளரை இடது கையில் பிடித்தானாம். இன்னொருவன் ஜாதகத்தை மடித்த மடிப்பு நேராக இல்லையாம். பதினைந்தாவதாக வந்தவன் கதிர், மேட்டுப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஆறுக்குட்டியின் மகன். சர்டிபிகேட் எல்லாவற்றையும் லேமினேட் செய்து, தேதிவாரியாக அடுக்கி, ஃபைலில் கொண்டுவந்திருந்தான். ஏகநாதன் கண் கலங்கிப் போனார். தை மாதம் இருபத்தெட்டாம் தேதி கல்யாணம் என்று நிச்சயமாயிற்று.

இது கொரோனா ஊசி போட ஆரம்பித்த வருஷம். சித்திரையில் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டார்கள். ஏகநாதன் கையில் நோட்டோடு போய் உட்கார்ந்தார். நர்ஸம்மா ஊசி மருந்துக் குப்பியை எடுத்ததும் அதன் மேல் இருந்த நம்பரை எழுதினார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்குப் போடலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் எழுதினார். அந்தப் பத்துப் பேர் யார் யார் என்று வரிசையைத் திரும்பிப் பார்த்து அவர்கள் பெயரையும் எழுதினார். அவருக்கு ஐந்தாவது ஊசி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலோச்சனாவுக்கு ஆறாவது.

அன்று ராத்திரி சுலோச்சனாவுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். பல் கிடுகிடுத்த சத்தம் பக்கத்து ஊரான வெல்லிங்டன் வரைக்கும் கேட்டது. ஏகநாதனோ குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் எழுந்து, உடம்பைத் தொட்டுப் பார்த்து, முகத்தைத் தொங்கப்போட்டார்.

"உனக்கு மருந்தப் போட்டுட்டு எனக்குத் தண்ணியப் போட்டுட்டாங்க!"

"ஏனுங்க, ஒரே குப்பி. என்ற பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"அப்பொ எனக்கு ஏன் காய்ச்சல் வரல?"

"எனக்கெப்படித் தெரியும்? இத்தன வருசமா உங்களோட குடும்பம் நடத்துன எனக்கே காய்ச்சல்தான் வருது. காய்ச்சலுக்கு உங்களக் கண்டு பயமோ என்னமோ."

ஆடியில் இரண்டாவது ஊசி. அதற்கும் காய்ச்சல் வரவில்லை. அடுத்த தெரு வாட்ச்மேன் இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது ஏகநாதனுக்கு வயிறு எரிந்தது. நேராகக் குன்னூருக்குப் பஸ் ஏறி ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனார். அங்கே டெக்னீஷியன் ஸ்டெபி, வர்ஷாவோடு பள்ளியில் படித்த பெண். கையை நீட்டி, "ஊசி எம்மேல வேலை செஞ்சுதா இல்லையான்னு எனக்கு எழுத்துல வேணும்" என்றார். நோயை எதிர்க்க ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒன்று இருக்கிறது, அதை எண்ணலாம் என்றாள் ஸ்டெபி. பாவம், அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு வந்தது. ஏகநாதன் மார்பு நாலு அங்குலம் அகலமாயிற்று. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழை எப்போது நிற்கும் என்று கேட்டவர்களிடம்கூட எடுத்துக் காட்டினார். சம்பந்தி ஆறுக்குட்டியிடமும் போனில் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"அப்படீங்களா சம்மந்தி? நானும் பாத்தனுங். எனக்கு ரெண்டாயிரத்தி ஐநூறுக்கு மேலன்னு போட்டிருக்குது. அதுக்கு மேல மிசினுக்கே எண்ண முடியலியாமா!"

ஆறுக்குட்டி வைகாசியில் கொரோனா வந்து பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தவர். அதன் பிறகு ஊசியும் போட்டுக்கொண்டவர். நோயும் வந்து ஊசியும் போட்டால் எண்ணிக்கை எகிறத்தான் செய்யும். ஆனால் ஏகநாதனுக்கு அந்த நியாயமெல்லாம் காதில் ஏறவில்லை. தான் சம்பந்தியைவிடக் குறைந்த லாட் என்கிற நினைப்பு நெஞ்சில் மீன்முள்ளாக நின்றது. ஏறுகிறதா பார்ப்போம் என்று ஐப்பசியில் மறுபடி ரத்தம் கொடுத்தார். ஐந்நூற்று இருபத்தொன்று. மார்கழியில் மறுபடி கொடுத்தார். இருநூற்று முப்பத்தொன்று.

வீட்டுக்கு வந்து கிராஃப் தாளை விரித்தார். கடைசி இரண்டு புள்ளிகளின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கோடு சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல இறங்கி வந்து, தை இருபத்தாறாம் தேதி பூஜ்யத்தில் உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு இரண்டே நாள் முன்பு.

வெளியே புது வகைக் கொரோனா வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு இருமல் என்று டிவிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏகநாதன் யோசித்தார். ஃபேக்டரியில் இப்படி ஒரு லாட் வந்தால் என்ன செய்வோம்? அட்டையை எடுத்தார், சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று எழுதினார், நூல் கோத்துத் தன் சட்டையின் இரண்டாவது பொத்தானில் தானே கட்டிக்கொண்டார். ஒரு மாதம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டின் முன்பக்கத்து ஸ்டோர் ரூமில் புகுந்து உள்ளே தாழ் போட்டார். முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் கொடுத்த சிவப்புச் சீட்டுகளில் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்த முதல் சரக்கு இதுதான்.

ஸ்டோர் ரூமுக்கு வாசலைப் பார்த்த ஒரு ஜன்னல் உண்டு. அதில் உட்கார்ந்து, நெற்றிச் சூடு பார்க்கிற துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் சுட்டார். தை மாதத்து அருவங்காட்டுக் குளிரில் நல்ல உடம்புக்கு முப்பத்தேழு டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டிய அந்தக் கருவி பால்காரருக்கு முப்பத்தொன்று காட்டியது, தபால்காரருக்கு இருபத்தொன்பது. அந்தக் கணக்குப்படி தபால்காரர் செத்து மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். ஏகநாதன் எல்லோரையும், "காய்ச்சல் இல்ல, பாஸ்" என்று உள்ளே விட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அவர் சம்பந்திக்குப் போன் போட்டார்.

"ஏனுங் சம்மந்தி, கல்யாணத்த ஆனிக்குத் தள்ளி வெச்சுக்கலாமுங்களா?"

"ஏனுங், ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"இல்லீங். என்ற நெம்பர் தை இருவத்தாறுல ஜீரோவுக்கு வருது."

ஆறுக்குட்டி, "அதுக்கென்னுங், என்ற கிட்டத்தான் எண்ண முடியாம கெடக்குதே, கொஞ்சம் வாங்கிக்கோங்க" என்றார். தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "தமாசு இருக்கட்டுமுங். பையன் மாசி அஞ்சாந்தேதி மஸ்கட்டுக்கு வேலைக்குக் கெளம்பறான். போனா ரெண்டு வருசம். ரெண்டு வருசம் எங்களால காத்துட்டு இருக்க முடியாதுங். அன்னூர்ல ஒரு எடம் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. வர்ற சனிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். அதுக்குள்ள ஒரு பதிலச் சொல்லிப்போடுங்க. தையின்னா தை. இல்லீன்னா இல்ல."

வர்ஷா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். குன்னூரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண். நிச்சயமான நாளிலிருந்து கதிரோடு தினம் ஒரு மணி நேரம் போனில் பேசிப் பேசி, இருவரும் மஸ்கட்டில் எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தார்கள்.

"அப்பா, பதினாலு பேர நீங்க ரிஜெக்ட் பண்ணுனீங்க. நான் ஒரு வார்த்த கேட்டனாங்கப்பா? பதினஞ்சாவது ஆள நான் பாஸ் பண்ணியாச்சு. உங்க கையெழுத்து மட்டும் போதும்."

"கண்ணு, நூறு பேரு கூடற எடத்துல ஜீரோவ வெச்சுட்டு உங்கொப்பன் எப்படி நிப்பான்? நீ தாலி கட்டிக்கற நேரத்துல நான் ஆக்சிசன் கட்டிட்டு இருக்கோணுமா?"

அவள் உள்ளே போனாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஏகநாதனுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. முதல் அலையில் அவருடைய பெஞ்சில் வேலை பார்த்த இரண்டு பேர் திரும்பி வரவில்லை. ஆனால் பயம் என்று வாயால் சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் கிராஃப் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்தத் தாள் அவருடைய தொப்பையை மறைக்கவே போதாது.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வர்ஷா ஸ்டெபியை அழைத்து வந்தாள். பதில் சொல்ல இன்னும் மூன்று மணி நேரம். ஸ்டெபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏகநாதன் அவள் நெற்றியைச் சுட்டு முப்பது என்று பாஸ் செய்தார்.

"அங்கிள், மொதல்ல அந்தக் கோட்ட அழிங்க. அது நேர்கோடாப் போகாது. மொதல்ல வேகமாக் கொறையும், அப்புறம் மெதுவாக் கொறையும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"கொறையுதில்ல?"

"கொறையட்டுமே. நீங்க எண்ணறது ஆன்டிபாடிய மட்டும். அது உங்க ஃபேக்டரி கேட்டுல தீப்பெட்டி இருக்கான்னு தடவிப் பாக்கறாங்களே, அந்த செக்யூரிட்டி மாதிரி. வைரஸ் உள்ள நொழையறதுக்கு முன்னாடி புடிக்கும். ஊசி போட்ட புதுசுல கும்பலா நிக்கும், ஆபத்து இல்லேன்னா ஆளக் கொறைச்சிரும்."

"கேட்டத் தாண்டி உள்ள வந்துட்டா?"

"அதுக்குத்தான் டி செல் இருக்கு. வைரஸ் நம்ம செல்லுக்குள்ள பூந்துக்கும். உள்ள போயிட்டா ஆன்டிபாடியால அதத் தொட முடியாது. ஆனா ஒவ்வொரு செல்லும் தன் உள்ள என்ன இருக்கோ அதுல துண்டு துண்டா எடுத்து வெளிய வாசல்ல வெச்சுக்கிட்டே இருக்கும். டி செல் வாசல் வாசலாப் போயி அந்தத் துண்டப் பாக்கும். ஆகாத துண்டு கண்ணுல பட்டுச்சுன்னா அந்தச் செல்ல அப்படியே முடிச்சிரும். இன்னொரு ரகம் டி செல் சூப்பர்வைசர் மாதிரி, மத்தவங்களக் கூப்பிட்டு 'இன்னும் ஆன்டிபாடி பண்ணு'ன்னு வெரட்டும். எந்தத் துண்டு ஆகாததுன்னு காட்டிக் குடுத்தது உங்களுக்குப் போட்ட ஊசிதான். வேலை முடிஞ்சா நெறைய டி செல்லு செத்துரும். மிச்சம் கொஞ்சம் ஞாபகத்தோட உடம்புக்குள்ள உக்காந்துட்டு இருக்கும், வருசக்கணக்குல."

"இப்ப வந்திருக்கறது சட்டைய மாத்திட்டு வந்திருக்குதாமே?"

"சட்டைய மாத்துனா கேட்டுல ஏமாத்தலாம். டி செல் பாக்கறது பல துண்டு. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு வர முடியாது அங்கிள்."

ஏகநாதன் நோட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார். "சரி. எனக்கு எத்தன டி செல் இருக்குது?"

"அத எங்க லேபுல எண்ண முடியாது. அதுக்கெல்லாம் பெரிய ஆராய்ச்சிக் கூடம் வேணும்."

பேனாவை மூடினார். "எண்ண முடியாத சரக்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மணி மூன்றரை. ஸ்டெபி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் குவார்ட்டர்ஸில் குப்பை எடுக்கும் மூக்கம்மா தள்ளுவண்டியோடு வந்தாள். வாசலில் வைத்த பக்கெட்டைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரி. எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் திருட்டுத்தனமாக ஜிலேபி தின்கிறார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மட்டும் மூச்சுவிட மாட்டாள்.

ஏகநாதன் அவளையும் சுட்டார். இருபத்தெட்டு. "பாஸ்" என்றவர், ஸ்டெபியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "டி செல் கதையெல்லாம் எதுக்கும்மா? இதோ நான் உக்காந்திருக்கேன் பாரு ஒரு மாசமா. இந்த ஊட்டு வாசலத் தாண்டி ஒரு கிருமி உள்ள போயிருக்குதா? கேட்டுக் காவல்தான் காவல்!"

மூக்கம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்தும் அடங்காத சிரிப்பு.

"என்ன இளிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். பொங்கலுக்கு அப்புறம் மூணு நாளா உங்க பக்கெட்டுல கெடந்தத நெனச்சேன்."

"மூக்கம்மா!" என்று உள்ளேயிருந்து சுலோச்சனா போட்ட சத்தத்தில் கூரை மேலிருந்த குரங்கு இறங்கி ஓடியது.

"இல்லம்மா, இன்னைக்குச் சொல்லிருவேன். பொண்ணு கண்ணு வீங்கிக் கெடக்கு, எனக்குப் பொறுக்கல. சார், மாத்திர அட்ட ரெண்டு, காய்ச்ச மாத்திர. பேப்பர்ல சுத்துன டெஸ்டுக் குச்சி ஒண்ணு, அதுல ரெண்டு கோடு. மொளகு ரசச் சக்கை. உள்ள ஒரு ஆளுக்கு வந்திருச்சுன்னு வாசல்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"யாருக்கு?"

"தெனமும் உங்க பக்கெட்டுல உளுந்துத் தோலு வரும். அந்த மூணு நாளும் வரல. மாவுக்கு ஊறப்போடறது அம்மாதான? நாலாம் நாளு தோலு வந்துச்சு. சரி, ஆளு எந்திரிச்சிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் சார், அம்மா குடுக்குற கசாயத்த நீங்க குடிக்காம ஜன்னல் வழியா ஊத்தி அந்த ரோசாச் செடி பட்டுப் போச்சு. அடியில நீங்க ஒளிச்சு வெச்சுத் தின்ன வர்க்கி பிஸ்கட்டுத் தூளா கெடக்கு. சும்மா சொல்லி வெக்கிறேன்."

ஏகநாதனின் கையிலிருந்த துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது. ஸ்டெபி படியிலிருந்து துள்ளி எழுந்தாள். "அங்கிள்! இதத்தான நான் ஒரு மணி நேரமாக் கத்துறேன்! கேட்டுல உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியல. வாசல்ல வெச்ச துண்டப் பாத்த மூக்கம்மாக்காவுக்குத் தெரிஞ்சிருச்சு. இவங்கதான் டி செல்!"

"நானா?" என்றாள் மூக்கம்மா. "எதுவா இருந்தா என்ன, பக்கெட்ட எடுத்துக்கவா?"

சுலோச்சனா கரண்டியோடு வெளியே வந்தாள். முப்பது வருஷமாகக் கரண்டியாக இருந்த கரண்டி அன்று வேறு மாதிரி தெரிந்தது.

"ஆமாங்க, எனக்கு வந்துது. சொன்னா நீங்க அன்னைக்கே கல்யாணத்த நிறுத்தியிருப்பீங்க. மாஸ்க்கப் போட்டுட்டு என்ற ரூமுல கெடந்தேன், வர்ஷாதான் உங்களுக்குச் சோறு குடுத்தா. இப்ப அந்த நோட்ட எடுங்க. சித்திரையில என்ன எழுதுனீங்க?"

"குப்பி நெம்பரு."

"உங்களுக்கு எத்தனாவது ஊசி?"

"அஞ்சு."

"எனக்கு?"

"...ஆறு."

"அப்பொ ஒரே லாட்டா, வேற லாட்டா?"

ஏகநாதன் நோட்டில் விரலை வைத்துப் பார்த்தார். "ஒரே லாட்டு."

"ஸ்டெபி, மார்கழியில சர்க்கரைக்கு ரத்தம் குடுத்தப்ப என்ற நெம்பரையும் பாத்தியே, எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு ஆன்ட்டி."

"கேட்டீங்களா? உங்களுதுல பாதிகூட இல்ல. தொண்ணூத்தாற வெச்சுட்டுப் படுத்தவ, நாலாம் நாள் எந்திரிச்சு உங்க இட்லிக்கு மாவாட்டுனேன். நீங்க நாலு இட்லிய அமுக்கிப் பாத்துப் பாஸ் பண்ணித் தின்னீங்க. இப்பச் சொல்லுங்க. சாம்பிள் பாஸா, ஃபெயிலா?"

ஃபேக்டரிச் சைரன்கூட அன்று ஊதத் தயங்கியது. "ஒரு சாம்பிள் பத்தாது," என்றார் ஏகநாதன் மெல்ல. "ரூல்படி நாலு வேணும்."

"அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு," என்றாள் ஸ்டெபி. "ஆன்ட்டி ஒருத்தர மட்டும் வெச்சு எதையும் சொல்லிர முடியாது. ஆனா எங்க லேபுக்குத் தெனமும் வர்றவங்களப் பாக்குறேனே அங்கிள். இந்தத் தடவ பாசிட்டிவ் கொட்டுது. ஊசி போட்டவங்கள்ல படுக்கையில விழுந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போறவங்க ரொம்பக் கொறைச்சல்."

"நாலு வேணும்," என்றார் அவர் மறுபடி.

மூக்கம்மா தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்தாள். "பேரு சொல்ல மாட்டேன் சார், எனக்கு எல்லா வீடும் வேணும். ஆனா அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நானும்தான் இருந்தேன், உங்க பின்னாடி வரிசையில நின்னவங்கள்ல மூணு வீட்டுப் பக்கெட்டுல அதே குச்சி பாத்தேன். மூணு பேரும் இன்னைக்குக் காலையில எங்கிட்ட 'ஏன் லேட்டு'ன்னு சண்டை போட்டாங்க. நல்லாத்தான் போட்டாங்க, தொண்டையில ஒரு கொறையும் இல்ல."

ஏகநாதன் நோட்டைப் புரட்டினார். பத்துப் பெயர்கள் எழுதிய பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சுலோச்சனா ஒன்று. பின்வரிசை மூன்று. நாலு.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வேதம்தான் தெரியும், அது இப்போது அவருக்கே எதிராகத் திரும்பி நின்றது. மணி நாலு ஐம்பதுக்குத் தாழ்ப்பாள் திறந்தது. சட்டைப் பொத்தானிலிருந்து சிவப்புச் சீட்டை அவிழ்த்து, அதன் பின்பக்கத்தில் 'பாஸ்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஏனுங் சம்மந்தி, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சுங்களா?"

"நீங்கதான ஆனின்னு..."

"நானா? ஆனின்னா? உங்களுக்குக் காது அடைச்சிருக்கும், ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கோங்க. தை இருவத்தெட்டுல ஒரு மாத்தமும் இல்லீங்!"

வர்ஷா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஸ்டெபிக்கு ஒரு டீயும் மூக்கம்மாவுக்கு இரண்டு வர்க்கியும் கிடைத்தன. வர்க்கி ஸ்டோர் ரூமில் பதுக்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து வந்தது.

கல்யாணம் மேட்டுப்பாளையத்தில் நூறு பேரோடு நடந்தது. ஏகநாதன் இரட்டை மாஸ்க்கோடு பந்திக்குப் போய் நாலு லட்டை அமுக்கிப் பார்த்தார். ஆறுக்குட்டி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததால் மீதி லட்டுகள் பிழைத்தன. மாசி ஐந்தாம் தேதி கதிர் விமானம் ஏறினான், அடுத்த மாதம் வர்ஷாவும் போய்விட்டாள். திரைகள் நினைத்தபடியே அமைந்தன என்று கேள்வி.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் சம்பந்திகள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தும்மல். குச்சியில் இரண்டு பேருக்கும் இரண்டு கோடு. எண்ண முடியாத ஆறுக்குட்டி மூன்று நாள் படுத்தார். பூஜ்யமாகிப்போன ஏகநாதன் இரண்டரை நாளில் எழுந்துவிட்டார். அந்த அரை நாள் வெற்றியைக் கிராஃப் தாளில் குறித்து, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்கிறார்: "நான் கோடு போட்டப்பவே சொன்னேன், ஜீரோவானா வரும்னு. வந்துதா இல்லியா?" அடுக்களையிலிருந்து சுலோச்சனா கேட்கிறாள்: "வந்துது. எந்திரிச்சு நின்னு பேசறீங்களே, அது எப்படியாம்?"

கதை அவ்வளவுதான்.

"அந்தாளு சொன்னது சரிதானப்பா," என்றார் சில்வஸ்டர். "நம்பரு கொறஞ்சுது, சீக்கு வந்துருச்சு. இதுல டி செல் என்னத்தப் புடுங்குச்சு?"

"ஏனுங்க, இவ்வளவு நேரம் காதுல என்ன வெச்சிருந்தீங்க?" என்றார் முத்துவேல். "வந்தது வந்துது, ஆஸ்பத்திரிக்குப் போனாரா? மூக்கம்மா ரகம் உள்ள இருந்து பாத்துக்கிச்சுல்ல?"

"உனக்கு ஊசி போட்டப்பக் காய்ச்சல் வந்துச்சா?"

"வரல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்?"

"வராதுல்ல! உனக்குத் தண்ணிதான் போட்டிருப்பாங்க. உன் பாலுல நீ ஊத்தறியே, அந்த மாதிரி."

முத்துவேல் வடிகட்டியைக் கீழே வைத்தார். "இறங்குய்யா பெஞ்ச விட்டு."

"காசு குடுத்துக் குடிக்கிறேன், எதுக்கு எறங்கணும்?"

"நாலு டீ குடிச்சியே, நாலும் பாஸா ஃபெயிலா? அதச் சொல்லிட்டு உக்காரு!"

"நாலும் ஃபெயிலு! லாட்டே ஃபெயிலு!"

முத்துவேலின் கரண்டி மேலே போனது, பெஞ்சு கவிழ்ந்தது. ரயில் போய் கேட்டைத் திறந்தாகிவிட்டது. சில்வஸ்டரின் ஆட்டோவுக்குப் பின்னால் பதினாறு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பதினாறு என்பது நீட்டியது, ஆறு. சண்டை மட்டும் உள்ளது உள்ளபடி.